செல்ஃப் அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகலையா? பம்பைக் கழற்றும் முன் ஒரு கேன் டீசல்!

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வைத்திருக்கும் வீடுகளில், விடியற்காலையில் போன் அடித்தாலே வயிற்றைக் கலக்கும். வண்டி ராத்திரி வரை நன்றாகத்தான் ஓடியிருக்கும். டிரைவர் தூங்கி எழுந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, ‘டீசல் பம்ப் போச்சு, கழற்றணும்’ என்பார். பணத்தை அனுப்புவதா, வேண்டாமா?

இந்த முடிவை எடுக்க வேண்டியவர் பெரும்பாலும் வண்டிக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. 500 கி.மீ. தள்ளி, வீட்டில் செல்போனும் கையுமாக நிற்பார். அது ஓனராக இருக்கலாம், கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவியாக இருக்கலாம், காலேஜ் படிக்கும் மகளாகவும் இருக்கலாம். ஒற்றை லாரிக் குடும்பத்தில் டியூ தேதி காத்திருக்காது. வண்டியில் இருப்பது தக்காளியோ முட்டையோ என்றால் சரக்கும் காத்திருக்காது. போதாததற்கு இ-வே பில் வேறு. சாதாரண சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அதன் ஆயுள். வழியில் வண்டி நின்றுவிட்டால், காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்பு வரைக்குள் நீட்டிப்பு போட வேண்டும். வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் அதன் நம்பரையும் பதிய வேண்டும். வண்டி நின்ற நேரத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை, அந்த பில்லின் கடைசி நேரத்தைப் பார்ப்பது.

இந்த அவசரத்தில்தான் தேவையே இல்லாமல் பல பம்புகள் கழற்றப்படுகின்றன. பழைய லாரியின் டீசல் லைனில் சீக்கிரம் கெடுவது ரப்பர் ஹோஸ், செப்பு வாஷர், ஃபில்டர், டேங்குக்குள் கிடக்கும் குப்பை. பம்ப் கெடுவது கடைசியில்தான். ஆனால் பில் பெரிதாவது பம்பில்தான்.

இங்கே பழைய லாரி என்பது, காமன் ரெயில் இன்ஜின்கள் பரவுவதற்கு முன் வந்த வண்டி. சென்சாரும் கம்ப்யூட்டரும் இல்லாமல், இன்ஜினின் பக்கவாட்டில் வரிசையாகக் குழாய்கள் கிளம்பும் ஒரு இரும்புப் பம்ப் இருக்கும். பழைய மெக்கானிக்குகள் இன்றும் அதை ‘மைக்கோ பம்ப்’ என்றே சொல்வார்கள். பெங்களூரு மைக்கோ கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் பட்டறையில் பெயர் மாறவில்லை. இந்த வண்டிகளில் கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். ரெண்டு ஸ்பேனர், கொஞ்சம் பொறுமை, சுத்தமான டீசல் ஒரு கேன் போதும்.

சைலன்சர் என்ன சொல்கிறது?

டீசல் வரவில்லை என்று முடிவு கட்டும் முன், பிரச்னை டீசல்தானா என்று பார்க்க வேண்டும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கி அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. செல்ஃப் மந்தமாக, முக்கி முனகிச் சுற்றினால் அந்தச் சூடு வராது. பம்ப் எவ்வளவு நன்றாக டீசல் கொடுத்தாலும் பயனில்லை. அப்போது பார்க்க வேண்டியது 24 வோல்ட் கொடுக்கும் இரண்டு பேட்டரிகளையும் அவற்றின் டெர்மினல்களையும்தான்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா? அப்படியானால் ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சர் வாயைப் பார்க்கட்டும். புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, எரியவில்லை. அது கம்ப்ரஷன், டைமிங், தண்ணீர் கலந்த டீசல் என்று வேறு பக்கம் போகும் கதை. போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘செல்ஃப் அடிக்கும்போது புகை வருதா?’ என்பது. இதற்குப் பதில் சொல்லாமல் ‘பம்ப் போச்சு’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. நடுவில் ஒரு நிமிஷமாவது விட வேண்டும். டீசல் பிரச்னையோடு கிளம்பி, செல்ஃப் மோட்டாரும் எரிந்து, பேட்டரியும் இறங்கி மூன்று பில்லாகத் திரும்பும் வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன.

அடுத்து, கேட்டால் சிரிப்பு வரும் ஒரு விஷயம். பழைய லாரிகளில் இன்ஜினை நிறுத்த ஒரு ஸ்டாப் கேபிள் இருக்கும். டேஷ்போர்டில் குமிழை உள்ளே தள்ளிவிட்டாலும், துருப்பிடித்த கேபிள் பம்ப் பக்கத்தில் லீவரை விடாமல் இழுத்தே வைத்திருக்கும். லீவர் ஸ்டாப் நிலையில் இருக்கும் வரை, என்ன செய்தாலும் ஒரு சொட்டு டீசல் நாசிலுக்குப் போகாது. கேபினுக்கு அடியில் கையை விட்டு லீவரைத் தள்ளிப் பார்க்க அரை நிமிஷம் ஆகும். பல மாதம் நிறுத்தி வைத்திருந்த வண்டியில், பம்புக்குள் இருக்கும் ரேக்கே பிசின் பிடித்து ஸ்டாப் நிலையில் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

சொட்டாத லீக்

இனி டீசல் வரும் பாதை. டேங்க்கிலிருந்து ஒரு குழாய் வருகிறது. பம்பின் விலாவில் ஒட்டியிருக்கும் சின்ன ஃபீட் பம்ப் அதன் வழியாக டீசலை உறிஞ்சுகிறது. ஃபீட் பம்ப் அதை ஃபில்டருக்குத் தள்ள, அங்கிருந்து பெரிய பம்புக்கும், அழுத்தக் குழாய்கள் வழியாக நாசிலுக்கும் போகிறது.

இதில் டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கும் பகுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கே டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் ஒரு ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? இளநீர் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே வரும். டீசல் லைனிலும் அதேதான். ஹோஸில் ஒரு மயிரிழை வெடிப்பு, யூனியனில் ஒரு தேய்ந்த வாஷர் இருந்தால் போதும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, துடைத்துப் பார்த்தால் காய்ந்தே இருக்கும். ஆனால் வழியெல்லாம் ஏர் எடுத்துக்கொண்டே இருக்கும். அழுத்தி நாசிலைத் திறக்க வேண்டிய இடத்தில் டீசலுக்குப் பதில் காற்று இருந்தால், பம்பின் பிளஞ்சர் அந்தக் காற்றைத்தான் அமுக்கி அமுக்கி விடும். நாசில் திறக்காது.

ராத்திரி ஓடிய வண்டி காலையில் ஏன் மக்கர் செய்கிறது என்பதற்கும் இதுவே காரணம். ஓடும்போது உள்ளே வரும் கொஞ்சம் காற்றை எப்படியோ சமாளித்துவிடும். நிறுத்திய பிறகு அதே ஓட்டை வழியாகக் காற்று மெதுவாகப் புகுந்து, குழாயில் நின்ற டீசல் முழுக்க டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் லைன் காலி.

இதைச் சோதிக்க ஃபீட் பம்பின் தலையிலேயே ஒரு ஹேண்ட் பம்ப் இருக்கிறது. குமிழைத் திருகித் தளர்த்தி, மேலும் கீழும் அடிக்க வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் லூஸ் செய்துகொண்டு அடித்தால், முதலில் நுரை நுரையாக வரும், பிறகு குமிழி இல்லாமல் கெட்டியாக டீசல் வரும். வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அடுத்து பம்பில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவிலும் இதே வேலை. முடிந்ததும் குமிழைத் திரும்ப இறுகத் திருக வேண்டும். அவசரத்தில் இதை மறந்துவிட்டு, அதன் வழியாகவே மறுபடி ஏர் எடுத்து, அடுத்த ஊரில் நிற்கும் வண்டிகள் உண்டு.

அடிக்கும்போது கையில் தெரிவதுதான் முக்கியம். குமிழ் மேலே வர மறுத்தால், இழுத்துவிட்டாலும் திரும்ப உள்ளே போனால், டேங்க் பக்கம் அடைப்பு. கீழே அழுத்த முடியாமல் கல்லாக நின்றால், அடைப்பு ஃபில்டர் பக்கம். எவ்வளவு அடித்தாலும் கைக்கு எந்தப் பிடிமானமும் இல்லாமல் லொடலொடவென்று போனால், எங்கோ ஏர் எடுக்கிறது, அல்லது ஃபீட் பம்பின் வால்வு தேய்ந்திருக்கிறது. நல்ல மெக்கானிக் ஹேண்ட் பம்ப் அடிக்கும்போது முகத்தைப் பாருங்கள், யோசனை முழுக்கக் கட்டைவிரலில் இருக்கும்.

ஏர் எடுத்துவிட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடக் கூடாது. காற்று வெளியே போனது சரி, அது எப்படி உள்ளே வந்தது? ஃபில்டர் மாற்றிய கையோடு, அல்லது டேங்க் காலியாகி நின்று திரும்ப டீசல் ஊற்றியபோது நடந்தது என்றால் பரவாயில்லை. காரணமே இல்லாமல் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஹேண்ட் பம்ப் அடிக்க வேண்டியிருந்தால், ஓட்டை அப்படியே இருக்கிறது.

கேன் வைத்தியம்

இப்போது அந்த ஒரு கேன் டீசல். ஃபீட் பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு நல்ல ஹோஸைப் போட்டு, மறுமுனையைச் சுத்தமான டீசல் கேனுக்குள் விட வேண்டும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஹோஸாக இருந்தால் இன்னும் நல்லது. டேங்க், அதற்குள் இருக்கும் உறிஞ்சு குழாய், ஜாலி, சேஸிஸ் ஓரமாக வரும் நீளமான லைன் என எல்லாவற்றையும் ஒரே அடியில் ஓரங்கட்டிவிடும் வேலை இது.

கேனை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் ஃபீட் பம்பைவிட உயரத்தில் வைத்து, ஏர் எடுத்துவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் தானாகவே இறங்கி வரும். இப்போது வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால், பெரிய பம்பும் நாசில்களும் வேலை செய்கின்றன. ‘பம்ப் போச்சு’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்து, இன்ஜின் ஓடும்போதே கேனைத் தரை உயரத்துக்கு இறக்க வேண்டும். தொடர்ந்து ஓடினால் ஃபீட் பம்பும் உறிஞ்சுகிறது, கோளாறு டேங்க் பக்கம்தான். கேன் கீழே இறங்கியதும் இன்ஜின் திணறி நின்றால், ஃபீட் பம்பைப் பார்க்க வேண்டும். அதன் வால்வும் ஸ்பிரிங்கும் பெரிய பம்ப் வேலையோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

பணம் அனுப்பும் முன் போனில் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம் இதுதான்: ‘கேன்ல போட்டு ஓட்டிப் பாத்தீங்களா?’ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம், தப்பில்லை.

கோளாறு டேங்க் பக்கம் என்று தெரிந்தால், தேட வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். டீசல் கேஜை நம்பாமல் குச்சி விட்டுப் பார்ப்பது முதல் வேலை. பழைய வண்டிகளில் கேஜ் முள் பொய் சொல்வது சகஜம். சரிவில் நிறுத்தியிருந்தால், இருக்கும் டீசல் குழாய் வாய்க்கு எட்டாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அரை டேங்க் வரை நன்றாக ஓடி, அதற்குக் கீழே போனதும் மட்டும் அடைக்கிறது என்றால், டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சு குழாயிலேயே அந்த உயரத்தில் வெடிப்பு இருக்கக்கூடும். டீசல் மட்டம் வெடிப்புக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுகிறது. ஃபுல் டேங்க் அடித்தால் சரியாகிவிடுகிறது என்பதால், டிரைவர்கள் இதை ‘பங்க் டீசல் சரியில்லை’ என்று பல மாதம் பங்க் மேலேயே பழி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கிளம்பி அரை மணி நேரம் ஓடிவிட்டு நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகும் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியில் இருக்க வேண்டிய மூச்சு ஓட்டை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்பால் இழுக்க முடியவில்லை. மூடி தொலைந்த வண்டியில் பிளாஸ்டிக் கவரை வைத்து ரப்பர் பேண்ட் போட்டவர்களுக்கும் இதே அனுபவம் கிடைக்கும்.

டேங்க் மூடியைத் திறந்து வைத்து, குழாய் வழியாக டேங்க் பக்கம் மெதுவாகக் காற்றை ஊதினால் ‘குபுகுபு’ என்று சத்தம் கேட்க வேண்டும். அடைப்பு விலகி வண்டி கிளம்பி, 50 கி.மீ.யில் மறுபடி நின்றால், குப்பை டேங்குக்குள்ளேயே மிதக்கிறது. அது கிழிந்த துணியாக இருக்கலாம், டீசல் கேன் மூடியின் சீலாக இருக்கலாம். அடியில் தண்ணீர் தேங்கிய டேங்கில், டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் வளரும் கரிய வழவழப்பான பாசியாகவும் இருக்கலாம். டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. மழைக்காலத்தில் ஃபில்டர் அடியில் இருக்கும் தண்ணீர் ஸ்க்ரூவைத் திறந்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

ரோட்டோர வைத்தியங்களில் சில உண்மையிலேயே வேலை செய்யும். டேங்க் ஒழுகினால் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பது அடுத்த ஊர் வரை தாங்கும். பழைய செப்பு வாஷரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தால் செம்பு மறுபடி மென்மையாகி, இறுக்கும்போது நன்றாகப் படியும். புது வாஷர் கிடைக்காத இடத்தில் நல்ல தந்திரம். ஆனால் ஒழுகும் டேங்கை அங்கேயே வெல்டிங் வைப்பது அப்படியல்ல. டீசலைக் காலி செய்துவிட்டாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

உயிரோடு விளையாடும் குறுக்கு வழிகள்

அதே போல ஆபத்தானது, டீசலை வாயால் உறிஞ்சி எடுப்பது. கிளீனர் பையன்கள் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். ஒரு வாய் டீசல் புரையேறி நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அப்போதுதான் அது நுரையீரலுக்குப் போகும். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவது, ஸ்ப்ரே அடிப்பது, பந்தம் கொளுத்திப் பிடிப்பது எல்லாம் டீசல் வராத இன்ஜினில் எதையும் தீர்க்காது. ஒரு விநாடி உறுமிவிட்டு நிற்கும். பிஸ்டன் உடையலாம், கை வேகலாம், கேபினே பற்றிக்கொள்ளலாம்.

இறக்கத்தில் உருட்டி கியரில் போட்டு ஸ்டார்ட் செய்வது இன்னொன்று. லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது, அந்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் இன்ஜினோடு சேர்ந்துதான் ஓடும். பவர் ஸ்டீயரிங்கும் அப்படியே. இன்ஜின் ஓடாத லாரியை, அதுவும் தொப்பூர் கணவாய் மாதிரி ஒரு இறக்கத்தில் லோடோடு உருட்டிவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நிறுத்த வழி இருக்காது.

பம்பேதான் என்றால்?

கேன் வைத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஃபில்டர் புதிது, ஏர் ஸ்க்ரூவில் டீசல் கெட்டியாக வருகிறது. இப்போதுதான் நாசில் பக்கம் போக வேண்டும். நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்தால், ஒவ்வொன்றிலும் விட்டு விட்டு டீசல் துள்ளி வர வேண்டும். வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே வந்தால், பல நேரம் கடைசி நட்டை இறுக்கும் முன்பே இன்ஜின் பிடித்துவிடும்.

இங்கே கையைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. பழைய இன்ஜின்களிலேயே நாசில் திறக்கும் அழுத்தம் சுமார் 200 பார், லாரி டயரில் இருக்கும் காற்றைப் போல இருபது மடங்குக்கும் மேல். நாசில் முனையிலிருந்தோ குழாயின் ஊசி முனை வெடிப்பிலிருந்தோ பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். டாக்டரிடம் ‘டீசல் பிரஷர்ல உள்ள போயிடுச்சு’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும் என்பதால், அதில் இந்த நட்டுகளைத் தொடவே கூடாது.

எந்த நட்டிலும் டீசல் துள்ளவில்லை, ஸ்டாப் லீவரும் சரியாக இருக்கிறது என்றால், பம்ப் மேல் சந்தேகம் நியாயமானது. அதற்கு முன்பே சில அறிகுறிகள் வந்திருக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த பிளஞ்சர் ஓரமாக நழுவிவிடுகிறது. நிறுத்திய இன்ஜினின் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவைத்தால் ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் தேய்மானம் உறுதி. வாளித் தண்ணீரை அப்படியே சூடான பம்பில் கொட்டினால் உள்ளே ஜாம் ஆகிவிடும். இன்ஜின் ஆயில் குச்சியையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் மட்டம் கூடியிருந்து டீசல் வாடை அடித்தால், பம்ப் வழியாக டீசல் ஆயிலில் இறங்குகிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டினால் பேரிங் போகும்.

பம்பை ரோட்டோரத்தில் பிரிக்க அனுமதிக்கவே கூடாது. பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்கள்தான். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். ரோட்டுப் புழுதி ஒரு துளி உள்ளே போனாலும் அதோடு முடிந்தது. முழுசாகக் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் பம்ப் சர்வீஸ் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கழற்றும் முன் பம்பிலும் இன்ஜினிலும் இருக்கும் டைமிங் குறியை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அழிந்திருந்தால் புதிதாக ஒரு கோடு கிழித்துவிடலாம். திரும்பி வரும்போது ஈய சீல் புதிதாக வைத்திருக்கிறார்களா, ஒவ்வொரு எலிமென்ட்டும் எவ்வளவு டீசல் கொடுத்தது என்ற பெஞ்ச் ரீடிங்கை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, மாற்றிய பழைய எலிமென்ட்டுகளையும் ஒரு கவரில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.